ஒன்றாம் கோர்ட்டுக்குத் தண்ணீர் விடுகிறவர்

மெக்னெஸ் நகரத்து டென்னிஸ் கிளப்பில் ஏழு செம்மண் கோர்ட்டுகள். மேலே இருந்து அல்லாஹ் பார்த்துக்கொள்கிறான், கீழே ஜிலாலி பார்த்துக்கொள்கிறார் என்று உறுப்பினர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் ஜிலாலி "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று முகத்தைச் சுளித்துக்கொள்வார். ஆனால் அன்று முழுக்க அவர் மண்ணைச் சமன்படுத்தும் வலையை இழுத்துக்கொண்டு நடக்கிற நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

அவர் டென்னிஸ் விளையாடியதே இல்லை. ராக்கெட்டைக் கையில் பிடித்திருக்கிறார், யாராவது மறந்து வைத்துவிட்டுப் போனதை எடுத்து அலுவலகத்தில் ஒப்படைப்பதற்காக. இருபத்துநான்கு வயதில் கிளப்பின் சுற்றுச்சுவர் கட்டச் சிற்றாளாக வந்தார். சுவர் முடிந்தது, கொத்தனார் போய்விட்டார், ஜிலாலி போகவில்லை. வந்த முதல் கோடையில் மூன்றாம் கோர்ட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்து அது பாளம் பாளமாக வெடித்தது. அந்த வெடிப்புகளை அடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் செங்கல் தூளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது என்பார். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது வயது அறுபது.

தண்ணீரில்தான் எல்லாம் இருக்கிறது. மண் ஈரமாக இருந்தால் பந்தைப் பிடித்துக்கொள்ளும், பந்து நிதானமாக எழும், ஓடி ஓடித் திருப்பி அடிக்கிறவனுக்கு நேரம் கிடைக்கும். மண் காய்ந்தால் பந்து சீறிக்கொண்டு போகும், ஓங்கி அடிக்கிறவன் பிழைத்துக்கொள்வான். அதனால் ஆட்டம் பாதி ஆட்டக்காரன் கையில் என்றால், கொஞ்சம் ஹோஸ் பைப்பைப் பிடித்திருப்பவன் கையிலும் இருக்கிறது. வருடாவருடம் மே மாதம் எங்கள் ஊரில் நடக்கிற ஆண்கள் போட்டிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ரேங்கிங்கில் இருநூறு முந்நூறில் இருக்கிற பையன்கள். ஒரு சுற்று ஜெயித்தால் அடுத்த மாதத்து விமான டிக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்கிற நிலைமையில் இருப்பவர்கள். அந்த ஒரு வாரம் ஜிலாலிக்குப் புதினாத் தேநீர் வாங்கித்தர ஆள் மேல் ஆள் வரும். "நான் நாலு கட்டி சர்க்கரை போடுவேன், உங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

காலையில் இருபது நிமிடம் தண்ணீர், பிறகு உருளை, பிறகு வலை. இரண்டு செட்டுக்கு நடுவில் தண்ணீர் விடச் சொன்னால் மூன்று நிமிடம். யார் விளையாடினாலும் இதுதான் கணக்கு. ஒருமுறை மாகாண ஆளுநரின் மைத்துனர் கூட்டாளியோடு விளையாட வந்து, கோர்ட்டைக் கொஞ்சம் மெதுவாக்கித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். கோர்ட்டுக்கு ஆளுநர் யார் என்று தெரியாதாம், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்று பதில் சொல்லி அனுப்பினார் ஜிலாலி.

இந்த நேர்மை ஊருக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்கு அவ்வளவு நன்றாக இல்லை. அவருக்கும் ரக்கியாவுக்கும் ஒரே மகன், தௌஃபீக். கிளப்பிலேயே வளர்ந்தவன். உறுப்பினர்களின் பிள்ளைகள் ஒன்றாம் கோர்ட்டில் விளையாடும்போது அவன் ரயில் பாதைச் சுவரை ஒட்டிய ஏழாம் கோர்ட்டில் விளையாடுவான். அதுவும் அந்தக் கோர்ட்டை அவனே பெருக்கிவிட்டுத்தான். தேய்ந்த காலணியோடு வந்தான் என்று எத்தனையோ நாள் ஜிலாலியே அவனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். பயிற்சியாளர்கள் பார்த்து, ராக்கெட் கொடுத்து, வெளியூர் அனுப்பி, அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். ஜிலாலி ஒரு வார்த்தை சிபாரிசு சொன்னதில்லை. ஊரார் யாரும் "உன் அப்பன் இருக்கிறான், உனக்கென்ன" என்று அவனைச் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்படி யாரும் சொல்லவுமில்லை.

தௌஃபீக்குக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஒன்று நடந்தது. உள்ளூர்ப் போட்டியின் தகுதிச் சுற்று, கடைசி செட், கடைசிக் கட்டம். அவன் அடித்த பந்து பின்கோட்டின் ஓரத்தில் விழுந்தது. கோட்டருகே இருந்தவர் வெளியே என்று கையை நீட்டினார். செம்மண்ணில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்குமல்லவா, அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். பார்த்தது ஏற்கெனவே விழுந்திருந்த வேறொரு தடத்தை. சரியான தடம் ஒரு சாண் தள்ளி, கோட்டை உரசிக்கொண்டு கிடந்தது, அதாவது பந்து உள்ளேதான். கோர்ட் வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஜிலாலிக்கு அது பளிச்சென்று தெரிந்தது. மண்ணில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் தெரிகிற கண் அது. தௌஃபீக் திரும்பி அவரைத்தான் பார்த்தான். ஆட்டம் நடக்கும்போது பணியாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஜிலாலி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். மகன் தோற்றான். ரக்கியா மூன்று நாள் அவர் முன்னால் சாப்பாட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

தௌஃபீக் அதைப் பற்றி எப்போதும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு பத்துத் தடவை சொந்த ஊர்ப் போட்டியில் விளையாடினான். துருக்கியில் ஜெயித்திருக்கிறான், எகிப்தில் அரையிறுதி போயிருக்கிறான், மெக்னெஸில் மட்டும் பிரதானச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. இந்த வருடம் கிளப் அவனுக்கு வைல்டு கார்டு கொடுத்து நேரே பிரதானச் சுற்றில் சேர்த்தது. போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, குஸ்குஸ் தட்டைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது அவன் விஷயத்தைச் சொன்னான். இதுதான் கடைசி. ஜூன் முதல் தேதி அகாதிரில் ஒரு ஹோட்டலில் பயிற்சியாளர் வேலையில் சேரப்போகிறான்.

"இந்த ஊர்ல ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டுப் போயிட்டா போதும்மா," என்றான். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான். ஜிலாலி தட்டில் தன் பக்கமிருந்த இறைச்சித் துண்டை அவன் பக்கம் தள்ளி வைத்தார். அது வழக்கமாக ரக்கியா செய்கிற வேலை. அவள் அதைக் கவனித்தாள்.

திங்கட்கிழமை மாலை யாருக்கு யார் என்று பட்டியல் ஒட்டினார்கள். தௌஃபீக்குக்கு வந்தது ஹோராலெக் என்ற செக் நாட்டுக்காரன். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அவன் சர்வ் போடுவதை ஜிலாலி ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் பார்த்திருந்தார். பந்து விழுவதும் பின்னாலிருக்கிற துணித் திரையில் மோதுவதும் ஒரே சத்தமாகக் கேட்டது. தன் மகன் எப்படி விளையாடுவான் என்பதும் அவருக்குத் தெரியும். அவன் அடித்துக் கொல்கிறவன் அல்ல, ஓடித் திருப்புகிறவன். எதிராளி சலித்துப்போய்த் தப்புச் செய்கிற வரைக்கும் பின்கோட்டில் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான். காய்ந்த கோர்ட்டில் இந்தச் செக்காரன் முன்னால் அவன் கதை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கோர்ட் ஈரமாக இருந்தால் அப்படி இல்லை.

இந்த நினைப்பு வந்ததும் ஜிலாலி தன்னையே கடிந்துகொண்டார். சீச்சீ என்று அதைத் தள்ளிவிட்டுத் தூங்கப் போனார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவர் கிளப்புக்கு வந்தபோது அந்த நினைப்பும் கூடவே வந்திருந்தது.

ஷெர்கி வீசும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். கிழக்கிலிருந்து வருகிற அந்த அனல் காற்று ஒரு மணி நேரத்தில் கோர்ட்டை உறிஞ்சிவிடும். அப்படியானால் கொஞ்சம் கூடுதலாக விட்டு வைப்பதில் தப்பென்ன? அது முன்யோசனைதானே? மகன் ஆட வேண்டிய ஒன்றாம் கோர்ட்டுக்குத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் ஆனபோது அவர் கை குழாயை மூடப் போனது. மூடவில்லை. மண் கரும்பழுப்பாகி, பிறகு பளபளத்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில்தான் மூடினார். உருளையையும் போடவில்லை. உருட்டினால் மண் இறுகிவிடும், பந்து வேகம் எடுக்கும். கூட வேலை செய்கிற மௌலூத் ஏழு மணிக்கு வந்து, கோர்ட் ஏன் இவ்வளவு கறுத்துக் கிடக்கிறது என்று கேட்டான்.

"ஷெர்கி வருது. ரேடியோல சொன்னான்," என்றார் ஜிலாலி.

முப்பத்தாறு வருடத்தில் கோர்ட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. பொய்கூட இல்லை, ரேடியோவில் சொன்னது நிஜம்தான். இப்படி அவரே அவருக்கு வக்கீலாக நின்று வாதாடிக்கொண்டே வலையை இழுத்தார்.

ஷெர்கி வரவில்லை. பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது மேற்கிலிருந்து மேகம் வந்து மூடியிருந்தது. தௌஃபீக் கோர்ட்டுக்குள் முதல் அடியை வைத்தான், நின்றான், காலணியின் நுனியால் மண்ணை லேசாகக் கீறிப் பார்த்தான். பிறகு பையை வைக்கப் போனான். அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஜிலாலி வாசலிலிருந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவருக்குப் புரியவே இல்லை. தௌஃபீக் பின்கோட்டில் நிற்கவில்லை. சர்வ் போட்டான், முன்னால் ஓடினான். வலையருகே போய் நின்றுகொண்டு ஒரே அடியில் முடிக்கப் பார்த்தான். இவன் எப்போது இப்படி விளையாட ஆரம்பித்தான்? ஈர மண்ணில் அவன் அடி எடுபடவில்லை. பந்து நின்று நிதானமாக எழும்ப, ஹோராலெக் சாவகாசமாக வந்து அவனைத் தாண்டி அடித்தான். இரண்டு மூன்று அடியில் முடிய வேண்டிய பாயிண்ட் எல்லாம் பத்து, பதினைந்து என்று நீண்டது. தௌஃபீக் இடது பக்கம் ஓடி நிற்கும்போதெல்லாம் ஒரு நொண்டல் தெரிந்தது. முதல் செட் ஆறுக்கு இரண்டு என்று போய்விட்டது.

செட் இடைவெளியில் வலை இழுக்க வந்த ஜிலாலியைக் கம்பி வேலியோரம் ரக்கியா கூப்பிட்டாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் அவரை "ஸி ஜிலாலி" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள்.

"ஸி ஜிலாலி, என்ன கோர்ட் இது? பந்து சேத்துல விழுந்த மாதிரி நின்னு நின்னு எழும்புது."

மேகமாக இருக்கிறது, காயவில்லை என்று அவர் முணுமுணுத்தார்.

"எம்புள்ள முட்டி போச்சு," என்றாள் அவள். "பிப்ரவரிலேயே போச்சு. இனிமே ஓடக் கூடாது, ரெண்டு அடியில முடிச்சாத்தான் உண்டுன்னு ஃபெஸ் ஊர்ல டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசமா அதுக்குத்தான் ஆட்டத்தையே மாத்திக்கிட்டிருக்கான். கோர்ட் காஞ்சிருந்தாப் போதும்மா, சமாளிச்சிருவேன்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விளையாட விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டார். அது அவருக்கே தெரியும். மூன்று மாதமாகத் தாயும் பிள்ளையும் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறார்கள், ஒரு விடியற்காலையில் அவர் ஒன்றை மறைத்துவிட்டார். மூன்று பேரும் அவனுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். அவர் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். மகன் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தான். நாலடி தூரத்தில் அவனைக் கடந்து மண்ணை இழுத்துச் சமன்படுத்தியபோது, இந்த மண்ணைக் கையால் அள்ளி எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிட முடியாதா என்று இருந்தது ஜிலாலிக்கு.

இரண்டாவது செட்டின் நடுவில் ஷெர்கி வந்தது. ரேடியோக்காரன் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. மேகம் கலைந்து, வெயில் இறங்கி, காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடித்தது. பார்க்க வந்தவர்கள் செய்தித்தாளை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஜிலாலி மட்டும் வானத்தைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மண் கண்ணுக்கு முன்னாலேயே வெளிறிக்கொண்டு வந்தது. தௌஃபீக்கின் பந்துகள் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடின. வலையருகே அவன் மெதுவாகத் தட்டிவிட்ட பந்துகளைப் பிடிக்க அந்த நெட்டையன் ஓடி வந்து குனிவதற்குள் அவை இரண்டாம் முறை விழுந்துவிட்டன. ஆறுக்கு நாலு என்று அந்தச் செட் தௌஃபீக்குக்கு. எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரே கூச்சல். ரக்கியா மட்டும் முழங்காலில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது போட்டி மேற்பார்வைக்கு வந்திருந்த ஸ்பானியப் பெண்மணி கோர்ட்டுக்குள் இறங்கினார். புழுதி பறக்கிறது, கோடு தெரியவில்லை, மூன்றாவது செட்டுக்கு முன்னால் தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஜிலாலியைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். வழக்கமான மூன்று நிமிடம்.

ஜிலாலி ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தார். பைப்பின் வாயில் கட்டைவிரலை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தை. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பன்னீர் தெளித்த மாதிரிப் புகையாகப் போகும். பார்க்கிறவர்களுக்கு மூன்று நிமிடமும் தண்ணீர் விழுவது தெரியும். மண்ணில் பாதிகூட இறங்காது, ஷெர்கி மிச்சத்தைக் குடித்துவிடும். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் கூடுதலாக விட்ட பதினெட்டு நிமிடத்துக்கு இது பரிகாரம், தப்பே இல்லை என்று அவருக்குள் இருந்த வக்கீல் மறுபடி எழுந்து நின்றான். மகனுடைய முட்டி தண்ணீர் கேட்கவில்லை, காய்ந்த மண்ணைத்தான் கேட்டது.

ஹோராலெக் உட்கார்ந்திருந்த பக்கம் பைப் போனபோது, அந்தப் பையன் தன் நீளமான கால்களை மடக்கி, பைப் சிக்காமல் கையால் தூக்கி அந்தப் பக்கம் விட்டான். "மெர்சி, மெஸ்யூ," என்றான். பைப்பைத் தூக்கிவிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டியவர் ஜிலாலிதான். அவனும் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு அப்பனுக்குப் பிள்ளைதான், அடுத்த மாதத்து டிக்கெட்டுக்காக இங்கே வந்து வெயிலில் வேகிறான். ஜிலாலி பிஸ்மில்லாஹ் சொல்லிக் கட்டைவிரலை எடுத்தார். மூன்று நிமிடம், முழுத் தண்ணீர், மூலை மூலையாக, ஒரு முழம்கூட விடாமல். இப்படி ஒழுங்காக அந்தக் கோர்ட்டுக்கு அவரே என்றைக்கும் தண்ணீர் விட்டதில்லை. முடித்துவிட்டுத் திரும்பியபோது தௌஃபீக் துண்டை விலக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கிற மாதிரி இருந்தது. இந்த நேரத்தில் இவனுக்கு என்ன சிரிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை.

மூன்றாவது செட்டில் தௌஃபீக் நாலுக்கு இரண்டு என்று முன்னால் போனான். அடுத்த கேமில் ஒரே ஒரு பாயிண்டில் பந்து முப்பது தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. அதையும் அவன்தான் ஜெயித்தான், ஆனால் ஜெயித்துவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் முட்டி ஒத்துழைக்கவில்லை. ஏழுக்கு ஐந்து என்று ஹோராலெக் ஜெயித்தான். ஜெயித்தவன் வலையைத் தாண்டி வந்து தோற்றவனைக் கட்டிக்கொண்டான். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. மெக்னெஸில் தௌஃபீக் விளையாடிய கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

ஒன்றாம் கோர்ட்டுக்குப் பின்னால் உருளையும் வலைகளும் செங்கல் தூள் மூட்டைகளும் வைக்கிற கொட்டகை ஒன்று உண்டு. ஜிலாலி அங்கே போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். யார் முகத்திலும் விழிக்க முடியாது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் தௌஃபீக் முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு தாங்கித் தாங்கி வந்து எதிர் மூட்டையில் உட்கார்ந்தான். அவன் இந்தக் கொட்டகைக்குள் வந்து எத்தனையோ வருடமாயிற்று.

"காலைல முத அடி வச்சப்பவே தெரிஞ்சிருச்சுப்பா," என்றான்.

"என்ன தெரிஞ்சுது?"

"உருளை போடல. தண்ணி நாப்பது நிமிஷம்."

"முப்பத்தெட்டு," என்றார் ஜிலாலி. அந்த நிலையிலும் கணக்குத் தப்பாக இருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. தௌஃபீக் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

"நான்தான் உன்னத் தோக்கடிச்சேன்."

"ஆமா. ரொம்ப நல்லாத் தோக்கடிச்சீங்க."

"முட்டியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா மட்டும் காயப் போட்டிருப்பீங்களாக்கும்? இருபது நிமிஷம்னு நின்னிருப்பீங்க." அவனே மேலும் கேட்டான்: "சரி, கடைசி செட்டுக்கு முன்னால கொஞ்சம் கம்மியா விட்டிருக்கலாம்ல? அப்ப அம்மா சொல்லி உங்களுக்குத் தெரியுமே?"

"ஒரு தடவ பண்ணதுக்கே கை இன்னும் நடுங்குதுடா," என்று கையை நீட்டிக் காட்டினார். தௌஃபீக் அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான்.

ஜிலாலி கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். கிளப் இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும், அந்த நெட்டைப் பையனிடமும் சொல்ல வேண்டும், வேலையைவிட்டு அனுப்பினால் அனுப்பட்டும் என்றார். தௌஃபீக் எழுந்திருக்க முடியாமல் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"வேணாம்ப்பா."

"தப்புடா அது."

"தப்புதான். யாரு இல்லன்னா? செக்காரனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, ஜெயிச்சிட்டுப் போயிட்டான்." அவன் சட்டை நுனியை விடவில்லை. "நான் இந்த ஊர்ல பொறந்து வளந்து இத்தன வருஷத்துல, எனக்குன்னு நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணியிருக்கீங்க. அந்த மண்ணுல கால வச்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தோக்கப்போறோம்னு தெரியுது, ஆனா சந்தோஷமா இருக்கு. நான் இங்க ஜெயிச்சது அது ஒண்ணுதாம்ப்பா. அதையும் போயித் திருப்பிக் குடுத்துட்டு வந்துராதீங்க."

ஜிலாலி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் பக்கத்து மூட்டையில், தோளோடு தோள் படும்படி. இத்தனை நாள் ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை எவ்வளவு தூரத்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் அழுதார். சத்தமில்லாமல், நிறுத்தவும் தெரியாமல் அழுதார். தௌஃபீக் ஐஸ் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அவர் முதுகில் வைத்திருந்தான்.

மௌலூத் கொட்டகை வாசலில் வந்து தலையை நீட்டினான். அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், ஒன்றாம் கோர்ட் காய்ந்து கிடக்கிறது, மேற்பார்வை அம்மாள் ஜிலாலியைத் தேடுகிறார் என்றான். அந்தக் கோர்ட்டைப் போட்டி நாளில் இன்னொருவர் கையில் ஜிலாலி கொடுத்ததே இல்லை. காய்ச்சலோடு வந்து விட்டிருக்கிறார், தம்பி இறந்த மறுநாள் வந்து விட்டிருக்கிறார்.

"நீயே விட்டுரு மௌலூத்," என்றார். "நான் எம்மகனோட இருக்கேன்."